பாதாம் இலையும் பக்கத்து கிளாஸும்

அந்தத் திங்கட்கிழமை காலையில் நிவி என் முந்தானையை விட்டுவிட்டு வினோலியாவிடம் ஓடினாள். எனக்கு வயிறு எரிந்தது.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நர்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மிஸ்ஸுங்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். பாட்டு, கைவேலை, அழுகிற பிள்ளையை உட்கார வைக்கிற வித்தை என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் இப்போது போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. போனில் கிடைக்காததை எழுதுகிறேன். பக்கத்து கிளாஸ் மிஸ்ஸைப் பார்த்து வயிறு எரிகிற கதை.

நான் வேலை பார்த்தது கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஸ்கூலில். மைன்ஸ் காலத்துக் கட்டடம், தகரக் கூரை. ஒரு நீள ஹாலை நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து ரெண்டாக்கி, இந்தப் பக்கம் எல்.கே.ஜி. ஏ, அந்தப் பக்கம் எல்.கே.ஜி. பி. ஏ என்னுடையது. "அழுவுற பசங்களா? தனம் மிஸ் கிட்ட உட்டுடுங்க, அவங்க பாத்துப்பாங்க" என்று ஆபீசிலேயே சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை வருஷம் அந்த ஸ்கூலில் கிடந்தேன்.

நிவி அப்படி என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளைதான். நாலு வயசு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. விடிவதற்கு முன்னாலேயே மாரிகுப்பத்தில் ரயிலேறிவிடுவார்கள். சாயங்காலம் அவர்கள் வந்து சேர்வதற்குள் இது தூங்கிவிடும். சித்தப்பாதான் கொண்டுவந்து விடுவார், கூட்டிப் போவார். ஜூன் மாசம் முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றியது. பாத்ரூம் வாசல்வரை வரும். "இன்னாடி இது, நான் உன் அம்மாவா?" என்று திட்டுவேன். திட்டும்போதே உள்ளுக்குள் இனிக்கும்.

அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு "வினோ மிஸ்ஸு!" என்று கத்திக்கொண்டு ஓடியது. இத்தனைக்கும் அது என் கிளாஸ் பிள்ளை.

வினோலியா எங்கள் ஊர் ஸ்கெலட்டன் லைனில், மைன்ஸ் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டில், வளர்ந்த பெண். இருபத்தாறு வயசு இருக்கும். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய பிளே ஸ்கூலில் இருந்தவள். அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால், ரயில் அலைச்சலை விட்டுவிட்டு எங்கள் ஸ்கூலுக்கு வந்தாள். சர்ச்சில் பாடுகிற குரல். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சட்டென்று தரையில் உட்காருவாள் பாருங்கள், பிள்ளைகளோடு பிள்ளையாக, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு முட்டி வலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும்.

கிட் வந்தது

அந்த வருஷம் மேனேஜ்மென்ட் பெங்களூரிலிருந்து ஒரு கிட் வாங்கியது. பெரிய அட்டைப்பெட்டி. மாசத்துக்கு ஒரு தீம். அக்டோபருக்கு 'ஆட்டம் வீக்'. அதற்குள் ஆரஞ்சு கலர் மேப்பிள் இலை ஸ்டிக்கர், அணில் படம், பூசணிக்காய் படம். பிரின்சிபால் மேடம் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அதோடு வந்த குறிப்பைப் படித்தார். வெளியே மழை. தகரக் கூரை மேல் கொட்டுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் படித்தார்.

"ஆட்டம்னா இலையுதிர் காலம். பசங்கள வெளிய கூட்டினு போயி, கீழ விழுந்த கலர் இலைங்கள பொறுக்க வைக்கணும். அத வெச்சி கிராஃப்ட் செய்யணும்."

"இன்னா மேடம், வெளிய பாருங்க" என்றேன். "வேம்பு, புங்கை எல்லாம் பச்சப்பசேல்னு நிக்குது. நம்ம ஊர்ல இலை கொட்டறது தை, மாசியிலதான?"

"கிட்ல அக்டோபர்னு இருக்கு மிஸ். போட்டோ எடுத்து அனுப்பணும். எப்படியாச்சும் செய்ங்க."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேடம் பெட்டியை மூடி வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அடுத்த டெர்மிலிருந்து ரெண்டு எல்.கே.ஜி.யும் ஒன்றாகிவிடும். ஒரு மிஸ்தான் கிளாஸ் எடுப்பார், இன்னொருவர் டே-கேருக்குப் போக வேண்டும். ரெண்டாவது சனிக்கிழமை பெற்றோர்கள் வருவார்கள், ரயிலில் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. அன்றைக்கு ரெண்டு கிளாஸும் ஆட்டம் வீக் வேலைகளைப் பார்வைக்கு வைக்க வேண்டும். கரஸ்பாண்டன்ட் சார் வந்து பார்த்துவிட்டு, கிளாஸ் யாருக்கு என்று முடிவு செய்வார்.

டே-கேர் கேவலமான வேலை இல்லை. பெற்றோர் வரும்வரை பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, பாய் விரித்துத் தூங்க வைத்து, கூட இருக்க வேண்டும். ஆனால் அங்கே போர்டு கிடையாது, பாட்டு கிடையாது. "என் கிளாஸ்" என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எனக்கு ரிடையர் ஆக ஒன்றரை வருஷம்தான் பாக்கி. என் கிளாஸிலிருந்துதான் நான் வீட்டுக்குப் போக வேண்டும், வேறெங்கிருந்தும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்

நர்சரியில் பக்கத்து கிளாஸில் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். சத்தமே வராமல் போனால்தான் பயப்பட வேண்டும். அந்த வாரம் ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுத்தமாகச் சத்தம் அடங்கிவிட்டது. என் பிள்ளைகள் எல்லாம் பெஞ்சை விட்டு எழுந்துபோய், பிளைவுட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றன.

எனக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸ் கேட்கிற சாக்கில் போனேன்.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளைப் பேப்பர், நாலு மூலையிலும் டேப் ஒட்டியது. கையில் க்ரேயான். வினோலியா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க. மெதுவா தேய்ங்க. பயந்துடப் போறாங்க."

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தன. பேப்பரில் முதலில் ஒரு நரம்பு வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஓரம். ஒரு பையன் துள்ளி எழுந்தான்.

"மிஸ்ஸு! உள்ள ஒருத்தர் கீறாரு மிஸ்ஸு!"

இலை மேல் பேப்பர் வைத்து க்ரேயான் தேய்ப்பது நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்கிற வேலை. "இலைய வை, பேப்பர வை, தேய், பேர எழுது" என்பேன். முடிந்தது. இலையை முன்கூட்டியே ஒளித்து வைக்கலாம் என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சாக்பீஸ் வாங்காமலேயே திரும்பி வந்தேன்.

மறுநாள் அதையே என் கிளாஸில் செய்தேன். வெட்கமெல்லாம் படவில்லை, வேலையில் அதெல்லாம் பார்க்க முடியாது. டேப் ஒட்டி, குரலைத் தாழ்த்தி, "உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க" என்றேன்.

நிவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வேப்பெல மிஸ்ஸு. நேத்தே வினோ மிஸ் காட்டிட்டாங்க."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

சரி, இனி அவள் வழியில் போய் ஜெயிக்க முடியாது, என் வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன். பழைய மைன்ஸ் பங்களா ஒன்றின் பின்னால் ஒரு பாதாம் மரம் இருப்பது எனக்குத் தெரியும். பெரிய பெரிய இலை, ஒவ்வொன்றும் என் ரெண்டு உள்ளங்கை அகலம். தை மாசத்தில்தான் முழுசாகச் சிவக்கும், ஆனால் எந்த மாசம் போனாலும் அடியில் கொஞ்சம் சிவப்பு இலை கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை குடையோடு போய் ஒரு கோணிப்பை நிறையப் பொறுக்கினேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போனது. வீட்டுக்கு வந்து துடைத்து, ஒவ்வொன்றாக நியூஸ்பேப்பருக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டேன். என் வீட்டுக்காரர், "நான் போட்டுக்கற சட்டைக்கு இவ்ளோ மரியாத கெடச்சதில்ல" என்றார். சிவப்பு, மஞ்சள், அரக்கு என்று அந்தக் கம்பெனி ஸ்டிக்கரே பிச்சை வாங்க வேண்டும், அப்படி வந்திருந்தது. அதை வைத்துச் சுவர் அகலத்துக்கு ஒரு மயில் செய்வதாகத் திட்டம்.

வினோலியாவிடம் பச்சை இலைதான் இருந்தது. ட்ரேயில் ஏதோ பொடியில் புதைத்துக் காய வைக்கிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். காயட்டும், காயட்டும், பச்சை இலை காய்ந்து என்ன கலருக்கு வரப்போகிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

சாம்பல் நிறக் கை

வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்தது. நிவி பி கிளாஸிலிருந்து ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். சித்ரான்னம். கையை உள்ளே விடப் போனாள்.

விரலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. நகக்கண்ணில்கூட.

அந்த நிறம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், சயனைட் மேடு என்போம். மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் மேடு மட்டும் அப்படியே நிற்கிறது. மாவு மாதிரி நைசான மண். காற்று அடித்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும்.

நிவியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். "எங்க வெச்ச இந்தக் கைய?"

"வினோ மிஸ் ட்ரேல. இலைக்குக் குளுருதுன்னு போர்வ போத்தினோம்."

"டிபன யாரும் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ரெண்டு கிளாஸும் ஆடிப்போனது. முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பி கிளாஸ் பிள்ளைகளை வரிசையாகக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, நகம் நகமாகத் தேய்த்து, முகத்தையும் கழுவிவிட்டேன். யாரும் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை, நல்லவேளை. கடைசிப் பிள்ளையின் கையை என் முந்தானையிலேயே துடைத்துவிட்டேன்.

துடைத்து முடித்ததும், சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மாட்டினாள் என்று தோன்றியது.

அவள் கிளாஸுக்குப் போனேன். ட்ரே ட்ரேயாக மேட்டு மண், அதற்குள் இலைகள்.

"இன்னா வினோ இது?"

"நம்ம மேட்டு மண்ணுதான் மிஸ்." அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. "இலை காய வைக்க இவ்ளோ நைசா வேற எங்க கெடைக்கும்? ஒயிட்ஃபீல்ட்ல இதுக்குன்னே பொடி வாங்கி வெச்சிருப்பாங்க. இங்கதான் சும்மா கெடக்குதே. நாங்கல்லாம் தகரத்து மேல ஒக்காந்து சறுக்கி வெளையாண்ட மண்ணுதான மிஸ்?"

"நானும் சறுக்கனவதான். அன்னிக்கு நம்மள கேக்க ஆள் இல்ல, சறுக்கனோம். இதுங்க அப்பா அம்மா நம்மள நம்பி உட்டுட்டு ரயிலேறிப் போயிருக்காங்க. அது சயனைட் போட்டுக் கழுவின மண்ணு வினோ. இந்தக் கையோட சோறு துன்னப் போனாங்க."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியூர்க்காரி யாராவது இருந்தால் அந்த மண்ணைத் தொட்டிருக்கவே மாட்டாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத்தான் அது வாசல் மண்.

"மேடம் கிட்ட சொல்லப் போறீங்களா மிஸ்?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ போய்ச் சொல்லு. நான் கூட வரேன்."

இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. நான் சொன்னால் தனம் மிஸ் பொறாமையில் கோள் மூட்டினாள் என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அவளே சொன்னால் என் பேர் கெடாது.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் கொதித்துவிட்டார். முதல் வேலையாகப் பெற்றோர் குரூப்பில் நடந்ததை எழுதிப் போட்டார். ஆயாவிடம் ட்ரேக்களை மூட்டை கட்டச் சொன்னார். அப்புறம், "பி கிளாஸ் டிஸ்ப்ளே வேணாம். தனம் மிஸ் மட்டும் வைக்கட்டும். போங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன். சனிக்கிழமை வருவதற்கு முன்னாலேயே ஜெயித்துவிட்டேன். கதவுவரை நடந்தேன். அப்போதுதான் எரிச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. இனிமேல் எல்லாரும் என்ன சொல்வார்கள்? மண்ணு விஷயத்தில் வினோலியா மாட்டிக்கொண்டாள், அதனால் கிளாஸ் தனம் மிஸ்ஸுக்குப் போச்சு என்பார்கள். நான் அவளைவிட நல்ல மிஸ் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அவள் எதிரில் நிற்க, நான் ஜெயிக்க வேண்டும். அதை நிவி பார்க்க வேண்டும்.

"அவளும் வைக்கட்டும் மேடம்" என்றேன்.

"இலைக்கு எங்க போவாங்க? எல்லாம் மண்ணுல இருந்துச்சே. நாளைக்கு ஒரு நாள்தான இருக்கு."

"என் இலைல பாதி குடுக்கறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. வினோலியா அழுதுவிட்டாள். அது வேறு எனக்கு எரிச்சல்.

வீட்டுக்குப் போய்க் கோணிப்பையைக் கொட்டிப் பிரித்தேன். பாதி என்றுதான் சொன்னேன், எந்தப் பாதி என்று சொல்லவில்லையே. பூச்சி அரித்தது, ஓட்டை விழுந்தது, ஓரம் கிழிந்தது எல்லாவற்றையும் தேடித்தேடி ஒரு பக்கம் ஒதுக்கினேன். நல்லதாக ஒன்று ரெண்டு அந்தப் பக்கம் போய்விட்டதா என்று மறுபடியும் பார்த்து எடுத்துக்கொண்டேன். காலையில் ஒரு பையில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

அவள் ஒரு இலையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். "ரொம்ப தேங்க்ஸ் மிஸ்" என்றாள். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரெண்டாவது சனிக்கிழமை

என் மயில் பிரமாதமாக வந்திருந்தது. சுவர் முழுக்கத் தோகை. ஒவ்வொரு இலைக்குக் கீழேயும் ஒரு பிள்ளையின் பேர். பெற்றோர்கள் வந்து நின்று, "சூப்பர் மிஸ், செம மிஸ்" என்று போட்டோ எடுத்தார்கள். கரஸ்பாண்டன்ட் சார் தலையாட்டி, "வெரி நைஸ்" என்றார். நிமிர்ந்து நின்றேன்.

ஆனால் போட்டோ எடுத்தவர்கள் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் பக்கம் நானும் மயிலும்தான் மிச்சம். நிவியைக்கூடக் காணோம். நானும் போனேன்.

வினோலியா ஒரு பழைய பெட்ஷீட்டைப் பிள்ளைகள் உயரத்துக்குக் கயிற்றில் கட்டியிருந்தாள். அதில் என் பாதாம் இலைகளை, நான் பொறுக்கிக் கொடுத்த ஓட்டை இலைகளை, வரிசையாகத் தைத்திருந்தாள். ஒவ்வொரு இலையின் ஓட்டைக்கு நேராகத் துணியிலும் ஒரு ஓட்டை. அதன் பின்னால் பிள்ளைகள். வெளியே தெரிவது ஒரு இலை, அதற்குள் ஒரு கண், அவ்வளவுதான்.

"யார் ஒளிஞ்சிருக்காங்க? உங்க பிள்ளைய கண்டுபுடிங்க!" என்றாள் வினோலியா.

பெற்றோர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். தப்பாகச் சொன்னால் உள்ளேயிருந்து வேறு பிள்ளை எட்டிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்கும். சரியாகச் சொன்னால் பிள்ளை பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

நிவியின் அப்பா வந்தார். அம்மாவுக்கு அன்றைக்கும் ட்யூட்டியாம். தூக்கக் கண், வாராத தலை. நிவி என் கிளாஸ் பிள்ளை, இருந்தாலும் துணிக்குப் பின்னால் போய் நுழைந்திருந்தது. வேறெங்கே இருக்கும்?

அவர் ஒரு முறை வரிசை முழுக்க நடந்தார். ஒரு இலையைக் காட்டி, "இதுதான் நிவி" என்றார். ஒரு பையன் தலையை நீட்டினான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுபடி நடந்து இன்னொன்றைக் காட்டினார். அதுவும் வேறு பிள்ளை. இந்தமுறை சிரிப்பு குறைந்தது. மூன்றாவது தடவை நடக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையின் கண் தெரியாமல் ஒரு மனுஷன் அத்தனை பேர் நடுவில் நிற்கிறார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நான் வினோலியாவைப் பார்த்தேன். அவள் விளையாட்டை நிறுத்தக் கயிற்றின் பக்கம் போனாள். தோற்றாள் என்று அப்போதும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது, பாருங்கள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "மிஸ், எல்லாரையும் ஒரு தடவ கண்ண மூடச் சொல்றீங்களா?"

வினோலியா சொன்னாள். இலைகளுக்குள் எல்லாக் கண்ணும் மூடிக்கொண்டது.

அவர் இந்த ஓரத்திலிருந்து குனிந்தபடியே வந்தார். நடுவில் ஒரு இலை முன்னால் நின்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இவதான்" என்றார்.

நிவி துணியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேல் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னார். "நான் பாக்கறப்பல்லாம் தூங்கிகினுதான இருக்கும். மூடின கண்ணுதான் எனக்குத் தெரியும்."

அப்புறம் பின்னாலிருந்து இன்னொரு அப்பா, "எனக்கும் கண்ண மூடச் சொல்லுங்க மிஸ்" என்றார். அவருக்கப்புறம் ஒரு அம்மா. எல்லாம் ரயிலுக்குப் போகிறவர்கள். ஒருத்தர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

நான் அந்தப் பெட்ஷீட் முன்னால் நின்று அழுதேன். அழுதுகொண்டே வயிறும் எரிந்தது. அந்த ஓட்டைகளைத் தேடித்தேடி ஒதுக்கினது என் கை. அதன் வழியாகப் பார்க்கலாம் என்று அவளுக்குத்தான் தோன்றியது.

மேடம் கேட்டது

எல்லாரும் போன பிறகு மேடம் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"சார் முடிவ நம்ம கிட்டயே உட்டுட்டாரு. நீங்க சீனியர். உங்க மயில் சாருக்குப் புடிச்சிருந்துச்சு. வினோலியா மேல அந்த மண்ணு விஷயம் வேற இருக்கு. நீங்க வேணும்னு ஒரு வார்த்த சொன்னா கிளாஸ் உங்களுதுதான். இன்னா சொல்றீங்க?"

'வேணும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"அவளுக்கே குடுங்க மேடம்."

"நெஜமாவா? உங்களுக்கு வருத்தம் இல்லியா?"

"வருத்தமா? வயிறு எரியுது மேடம். இத்தன வருஷத்துல எத்தினி மிஸ் வந்தாங்க, எத்தினி மிஸ் போனாங்க. நல்லா பாடுறவங்க, நல்லா வரையறவங்க எல்லாம் வந்தாங்க. ஒருத்திய பாத்துக்கூட எனக்கு எரிஞ்சதில்ல. இவள பாத்துதான் எரியுது. அப்ப இவகிட்ட ஏதோ இருக்குதுன்னுதான அர்த்தம்? ஆனா ஒண்ணு. வெளிலேர்ந்து எத எடுத்துனு வந்தாலும் என்கிட்ட காட்டிட்டுத்தான் பசங்க கைல குடுக்கணும். அத அவகிட்ட சொல்லிடுங்க."

அடுத்த டெர்மில் டே-கேருக்குப் போனேன். தினமும் அவள் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் என்னிடம் வரும், வினோ மிஸ் இன்னிக்கு அது செய்தார்கள், இது செய்தார்கள் என்று கொட்டும். தினமும் எரியும். மறுநாள் நான் டே-கேரில் அதைவிட ஒரு படி மேலே செய்யப் பார்ப்பேன். இலைப் படகு, இலைக் கிரீடம், ஊதுகிற பீப்பீ. அது அவள் காதுக்குப் போகும், அவள் வேறொன்று செய்வாள். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்னால் கற்றுக்கொண்டதே இல்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் ஸ்கூலுக்கும் ஒருத்தி வருவாள். வயிறு எரிந்தால் வெட்கப்படாதீர்கள், தலை வலிக்கிறது என்று லீவு போடாதீர்கள், ஸ்டாஃப் ரூமில் அவளைப் பற்றிப் பேசாதீர்கள். சாக்பீஸ் கேட்கிற மாதிரி போய், அவள் என்ன செய்கிறாள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள்.

நான் ரிடையர் ஆன அன்றைக்குச் சாயங்காலம் வினோலியா டே-கேருக்கு வந்தாள். அடுத்த வாரம் செய்யப்போகிற ஒரு புது விளையாட்டை, ரெண்டு புங்கை இலையை வைத்து, எனக்குச் செய்து காட்டினாள். ரொம்ப அழகான விளையாட்டு, எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. "நல்லா இருக்குதும்மா" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னேன். வயிறு எரியவே இல்லை.

அப்போதுதான் தெரிந்தது, இனிமேல் நான் மிஸ் இல்லை என்று.